கச்சேரிப் பதிவுக்கு ஒரு கையடக்க ரெக்கார்டர்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நேரடி இசை நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யவென்றே வாங்கிய ஒரு கையடக்க ரெக்கார்டரைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். தலைப்பக்கம் குறுக்குவாட்டில் இரண்டு மைக், அடிப்பக்கம் வெளி மைக்கைச் செருக இரண்டு எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை மைக் கேபிள்) துளைகள், ஏஏ பேட்டரி, எஸ்டி கார்டு. ஜூம், டாஸ்காம் என்று எந்தக் கம்பெனியின் நடுத்தர மாடலை எடுத்தாலும் ஏறக்குறைய இதே அமைப்புதான். அதனால் மாடல் பெயரைச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. புதிதாக வாங்கியவர்கள் கேட்பது பெரும்பாலும் எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ் என்றுதான். அதற்கும் பதில் சொல்கிறேன். ஆனால் பதிவு நன்றாக வருவதும் வராததும் வேறு ஒன்றில் இருக்கிறது: கச்சேரி தொடங்கிய பிறகு கருவியைத் தொடவே தேவையில்லாதபடி எல்லாவற்றையும் முன்பே முடித்து வைத்திருக்கிறோமா என்பதில். மைக் கருவியின் உடம்போடு ஒட்டியிருப்பதால் விரல் பட்டால்கூட 'தட்' என்று பதிவாகும். பாட்டின் நடுவே லெவலை, அதாவது ஒலி பதிவாகும் அளவை, மாற்றினால் அந்த ஏற்ற இறக்கத்தைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

பெட்டியைப் பிரித்ததும் மெனுவுக்குள் போய்ச் சிலவற்றை மாற்றியாக வேண்டும். பேட்டி, வகுப்பு, கூட்டம் எல்லாவற்றுக்கும் சேர்த்து விற்கப்படும் கருவி இது. ஆட்டோ லெவல் என்று ஒன்று இருக்கும். பேச்சுக்கு அது வரப்பிரசாதம், இசைக்கு எமன். பாடுபவர் குரலைத் தணிக்கும்போது அது லெவலை ஏற்றிக்கொண்டே போகும், ஏசி இரைச்சலும் பக்கத்து இருக்கைக்காரரின் கனைப்பும் கூடவே மேலே வரும். கைதட்டல் விழுந்ததும் மொத்தத்தையும் அமுக்கிவிடும், அடுத்த பாட்டின் தொடக்கம் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல இருக்கும். முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள். அடி ஒலியை வெட்டும் லோ கட் வடிகட்டியையும் அரங்குக்குள் அணைத்தே வைக்கலாம். வேண்டுமென்றால் பிறகு கணினியில் வெட்டிக்கொள்ளலாம், வெட்டிய அடி ஒலியை மட்டும் திரும்பக் கொண்டுவர முடியாது. அப்படியே தேதியையும் நேரத்தையும் சரிபார்த்துவிடுங்கள். ஒரு வருடம் கழித்துக் கோப்புகளைத் தேடும்போது அதன் அருமை தெரியும்.

ஃபார்மெட் விஷயம் சுருக்கமாக: வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு), 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 முறை ஒலியை அளப்பது). ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். 96 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் அளவு இரட்டிப்பாகும், என் காதுக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. பிட் கதை வேறு. பதிவாகக்கூடிய மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 16 பிட்டில் கணக்குப்படி கிடைக்கும் இடைவெளி சுமார் 96 டெசிபெல். 24 பிட்டில் 144. ரெக்கார்டருக்குள் இருக்கும் மைக் சர்க்யூட் எதுவும் அந்த 144-ஐ எட்டாது என்றாலும், லெவலைத் தாராளமாகக் குறைத்து வைத்துப் பதிவு செய்துவிட்டுப் பிறகு ஏற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை 24 பிட்தான் தருகிறது. நேரடிக் கச்சேரியில் அந்தச் சுதந்திரம்தான் நமக்கு வேண்டியது.

சரி, லெவல். இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மீட்டரில் 0 என்பது உச்சவரம்பு. அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டு 'கரகர'வென்று போய்விடும். சவுண்ட் செக்கின்போது உச்சம் எங்கே தொடுகிறது என்று பார்த்து வைப்பார்கள் எல்லாரும். ஆனால் சவுண்ட் செக்கில் யாரும் முழு வேகத்தில் வாசிப்பதில்லை. ஆட்கள் நிறைந்து, உற்சாகம் ஏறி, மேடை ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரில் இருப்பவரும் கையை மேலே தள்ளிய பிறகு வரும் சத்தம் வேறு. அதனால் சவுண்ட் செக்கில் உச்சம் மைனஸ் 18 டெசிபெலுக்குப் பக்கத்தில் நிற்கும்படி வைக்கிறேன். நிகழ்ச்சியின்போது அது தானாகவே மைனஸ் 12, மைனஸ் 8 என்று ஏறி நிற்கும். இன்னொன்று, பார்வையாளர் நடுவே வைத்தால் மொத்தப் பதிவிலும் அதிகச் சத்தம் பெரும்பாலும் இசையாக இருக்காது, மைக்குக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருப்பவரின் கைதட்டலாகவே இருக்கும். அதற்கும் சேர்த்து இடம் விட வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம். ரெக்கார்டர் பக்கவாட்டிலோ மெனுவிலோ மைக் கெயினுக்கு (மைக் ஒலியைப் பெருக்கும் அளவுக்கு) 'லோ', 'ஹை' என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அது தவிர லெவல் டயல் ஒன்று. இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும், அப்படியில்லை. பெரிய ஸ்பீக்கர்கள் முழங்கும் நிகழ்ச்சியில் சுவிட்ச் 'ஹை'யில் இருந்தால், டயலுக்கு வருவதற்கு முன்பே முதல் கட்ட சர்க்யூட்டில் ஒலி நசுங்கிவிடலாம். மீட்டர் மைனஸ் 10 என்று சமர்த்தாகக் காட்டும், பதிவைத் திறந்து பார்த்தால் அலைகள் எல்லாம் ஒரே உயரத்தில் ரம்பத்தால் அறுத்த மாதிரி இருக்கும். டயலைக் கிட்டத்தட்டப் பூஜ்யத்துக்கே இறக்க வேண்டியிருக்கிறது என்றால் சுவிட்ச் தவறான இடத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உச்சத்தைத் தானாக அமுக்கும் லிமிட்டரைப் பொறுத்தவரை, எப்போதாவது ஒரு அடியைத் தாங்கிக்கொள்ள அது பரவாயில்லை. அதை நம்பி லெவலை ஏற்றி வைத்தால் டிரம் அடி ஒவ்வொன்றுக்கும் குரல் பதுங்கும்.

மிகப் பெரிய ஒலி வரம்பைப் பதியும் 32 பிட் ஃப்ளோட் முறை வந்துவிட்டதே, இனி லெவலே பார்க்க வேண்டாமே என்பார்கள். 2019-ல் ஜூமின் எஃப்6 போன்ற களக் கருவிகளில் வந்தது, இப்போது சிறிய கையடக்க மாடல்களிலும் கிடைக்கிறது. உண்மையிலேயே உபயோகமான வசதி. 0-ஐத் தாண்டிப் பதிவானதையும் பிறகு கீழே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் மைக்கே திணறும் அளவுக்குச் சத்தம் வந்தால் அதற்கு எந்த ஃப்ளோட்டும் ஒன்றும் செய்யாது, சேதம் மைக்கிலேயே நடந்து முடிந்திருக்கும். புதிதாக வாங்குகிறவர்கள் அந்த வசதி உள்ளதையே வாங்கலாம். ஏற்கெனவே 24 பிட் கருவி வைத்திருப்பவர்கள் இதற்காக மட்டும் அதைத் தூக்கிப் போடத் தேவையில்லை.

லெவலுக்கு அடுத்தது, சொல்லப்போனால் லெவலுக்கும் மேலே, இடம். விலை குறைந்த ரெக்கார்டர் நல்ல இடத்தில் இருந்தால், உயர்ந்த ரக மைக் மோசமான இடத்தில் இருப்பதைவிட நன்றாக ஒலிக்கும். நம் மூளை பார்க்கும் திசையின் ஒலியைப் பொறுக்கிக்கொண்டு எதிரொலியை ஒதுக்கிவிடுகிறது. மைக்குக்கு அந்த வித்தை தெரியாது. அதனால் அரங்குக்குள் நடந்து பார்க்கும்போது ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு கேளுங்கள். கூடத்தின் எதிரொலி சட்டென்று பெரிதாகும். மைக் கேட்கப்போவது ஏறக்குறைய அதைத்தான். பார்ப்பவர்கள் என்ன நினைத்தால் என்ன.

ஸ்பீக்கர் இல்லாத சின்ன நிகழ்ச்சி என்றால் வாசிப்பவர்களுக்கு முன்னால் இரண்டு, மூன்று மீட்டரில் வைக்கலாம். ஸ்பீக்கர் வழியாக வரும் நிகழ்ச்சியில் மேடைக்கு ஒட்டி முன்வரிசையில் வைப்பதால் லாபமில்லை. அங்கே டிரம்மும் கிட்டார் ஆம்ப்பும் நேரடியாக வந்து விழும், குரல் ஸ்பீக்கரிலிருந்து தலைக்கு மேலே பறந்து போய்விடும். இரண்டு பக்க ஸ்பீக்கர்களுக்கும் நடுக்கோட்டில், மிக்ஸர் இருக்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைப்பது எனக்குப் பெரும்பாலும் ஒத்துவருகிறது. சவுண்ட் இன்ஜினியர் தன் காதுக்குச் சரியாக வரும்படிதான் கலக்குகிறார், அந்தக் காதுக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது. பின்சுவரை ஒட்டியோ மாடிக்கு அடியிலோ வைத்தால் பாஸ் மட்டும் உருண்டுகொண்டிருக்கும்.

உயரமும் முக்கியம். இருக்கைக்காரர்களின் தலைக்கு மேலே, இரண்டு மீட்டருக்குக் குறையாமல் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டால் இருமலும் பேச்சும் பாதியாகக் குறையும். பெரும்பாலான ரெக்கார்டர்களின் முதுகில் கேமரா டிரைபாடுக்கான கால் அங்குலத் திருகுத் துளை இருக்கிறது. உயரமான லைட் ஸ்டாண்டு ஒன்று இருந்தால் போதும், காலில் கனமாக எதையாவது வைத்துவிடுங்கள். மேஜை மேல் அப்படியே வைப்பதுதான் ஆகாது. மேஜையில் யாராவது தண்ணீர் பாட்டிலை வைக்கும் சத்தம் பாட்டைவிடத் தெளிவாகப் பதிவாகும். தலைக்கு மேல் மின்விசிறியோ ஏசி வாயோ இருந்தால் உள்ளரங்கிலும் பஞ்சு உறை போட்டுவிடுங்கள்.

மிக்ஸரிலிருந்து கேபிள் வழியே நேரடியாக ஒலியை, அதாவது லைன், எடுத்துவிட்டால் இத்தனை தலைவலியும் இல்லையே என்று தோன்றும். எடுக்கலாம், எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. சின்ன அரங்கில் டிரம் சத்தம் தானாகவே நிறைந்திருப்பதால் மிக்ஸரில் அதைச் சேர்த்தே இருக்கமாட்டார்கள். லைனில் கேட்டால் குரல் மூக்குக்கு முன்னால் நிற்கும், டிரம் அடுத்த தெருவில் இருக்கும். கூட்டத்தின் சத்தமோ அரங்கின் காற்றோ அதில் துளியும் இருக்காது. தவிர, தொழில்முறை மிக்ஸரின் லைன் லெவல் வீட்டு உபயோகக் கருவிகளின் லெவலைவிட ஏறக்குறைய 12 டெசிபெல் அதிகம். மைக் உள்ளீட்டில் அதைச் செருகினால் நேராகச் சுவரில் மோதும். உள்ளீடு 'லைன்' என்று மாற்றப்பட்டிருக்கிறதா, மைக்குக்குக் கேபிள் வழியே போகும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சவுண்ட் இன்ஜினியரிடம் கேட்டுச் செருகுங்கள்.

நான்கு டிராக் (தனித்தனி ஒலித்தடம்) பதிவாகும் ரெக்கார்டரில் லைனையும் சொந்த மைக்கையும் சேர்த்தே எடுத்துப் பிறகு கலப்பதுதான் அருமையாக வரும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது. ரெக்கார்டர் ஸ்பீக்கரிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் மைக்கில் வரும் ஒலி லைனைவிட 29 மில்லி நொடி பின்தங்கும். கலக்கும்போது லைன் டிராக்கை அந்த அளவு தாமதப்படுத்திவிட்டால் இரட்டை ஒலி மறைந்து எல்லாம் ஒன்றாகப் பொருந்திவிடும். கைதட்டலோ டிரம் அடியோ ஒன்றைக் குறியாக வைத்துக்கொண்டு கண்ணாலேயே ஒத்துப் பார்க்கலாம்.

பேட்டரி விஷயத்தில் நான் கொஞ்சம் பயந்த ஆள். ரீசார்ஜ் செய்யும் ஏஏ போடுகிறீர்கள் என்றால் மெனுவில் பேட்டரி வகையையும் அப்படியே மாற்ற வேண்டும். அல்கலைன் 1.5 வோல்ட், நிக்கல் வகை 1.2 வோல்ட் என்பதால், மாற்றாவிட்டால் அளவுகாட்டி தப்பாகச் சொல்லும். ஃபாண்டம் பவர் கொடுத்தால் பேட்டரி வெகு வேகமாகக் கரையும். பவர் பேங்க் இணைக்கலாம், ஆனால் ரெக்கார்டர் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால் சில பவர் பேங்குகள் எதுவும் இணைக்கப்படவில்லை என்று நினைத்து தாமே அணைந்துவிடும். வீட்டில் ஓடவிட்டுப் பார்த்த பவர் பேங்கை மட்டும் கொண்டுபோங்கள், உள்ளே நல்ல பேட்டரியும் இருக்கட்டும். கார்டைக் கணினியில் ஃபார்மெட் செய்யாமல் ரெக்கார்டரிலேயே செய்வது நல்லது. பல ரெக்கார்டர்கள் 2 ஜிபி எட்டியதும் கோப்பை முடித்து அடுத்ததைத் தானே தொடங்கும். நீண்ட கச்சேரியில் இரண்டு கோப்புகள் வந்தால் பதற வேண்டாம், இடைவெளி விழாத மாடல் என்றால் ஒட்டினால் சேர்ந்துவிடும்.

அப்புறம் அந்தச் சிவப்புப் பொத்தான். பல மாடல்களில் முதல் அழுத்தலுக்குப் பதிவு தொடங்காது. விளக்கு மட்டும் மினுக்கும், மீட்டர் ஆடும், பார்த்தால் ஓடுவதுபோலவே இருக்கும். இரண்டாவது அழுத்தலுக்குப் பிறகுதான் விளக்கு நிலையாக எரியும், நேரம் ஓடத் தொடங்கும். விளக்கை விட்டுவிட்டு எண்களைப் பாருங்கள். மேடையில் அறிவிப்பு வருவதற்கு முன்பே ஓடவிட்டு, பொத்தான்களைப் பூட்டும் ஹோல்டு சுவிட்சைத் தள்ளிவிட்டுப் போய் உட்கார்ந்துவிடலாம். இடைவேளையிலும் நிறுத்துவதில்லை. கார்டில் இடம் இருக்கிறது, மறுபடி அழுத்த மறக்கும் அபாயம் ஏன்?

சில வருட உழைப்பில் கருவி எப்படி இருக்கிறது என்றால், மைக்கும் உள் சர்க்யூட்டும் முதல் நாள் போலவே இருக்கின்றன. பஞ்சு உறை பொடிப்பொடியாக உதிர்ந்து மாற்றியாகிவிட்டது. யுஎஸ்பி துளை தளர்ந்துவிட்டது, அதனால் கார்டை வெளியே எடுத்தே நகல் எடுக்கிறேன். பேட்டரியைக் கழற்றி வெகுநாள் வைத்தால் கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடுகிறது. வேலை இல்லாத நாட்களில் பேட்டரியைக் கழற்றித்தான் வைக்க வேண்டும், கசிந்தால் கருவியே போய்விடும், ஆகவே தேதியைத் திருத்துவது வழக்கமாகிவிட்டது. இரைச்சல் பற்றிச் சொல்வதானால், ஒற்றைக் கிட்டார், தணிந்த குரல் போன்றவற்றில் உள் மைக்கின் 'ஸ்ஸ்' மெலிதாகக் கேட்கும். ஸ்பீக்கர் வழி நிகழ்ச்சிகளில் அது தெரியவே தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் மூலக் கோப்பை இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகே கார்டை அழிக்கிறேன். திருத்தம் நகலில்தான்: உரத்த கைதட்டல்களை மட்டும் தேர்ந்தெடுத்து இறக்கிவிட்டால் இசை முழுவதையும் ஏற்ற இடம் கிடைக்கும். மூலத்தை ஃபிளாக் என்ற சுருக்கிய கோப்பாக மாற்றிச் சேமித்தால் ஒலியில் எதையும் இழக்காமல் ஏறக்குறைய பாதி இடம் மிச்சமாகும்.

பதிவு செய்ய அனுமதி கேட்கத் தயங்க வேண்டாம். அமெரிக்க ராக் இசைக்குழுவான கிரேட்ஃபுல் டெட் 1984-ல் பதிவு செய்பவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தின் நேரடி இசைத் தொகுப்பில் இன்றும் அனுமதி தந்த குழுக்களின் பதிவுகளைத்தான் வைக்கிறார்கள். கேட்டால் பலர் சரி என்கிறார்கள், நகல் ஒன்று கேட்கிறார்கள், சில சமயம் ஸ்டாண்டு வைக்க நல்ல இடமும் கிடைக்கிறது. வேண்டாம் என்றால் கருவியைப் பைக்குள் வைத்துவிட்டுக் கச்சேரி கேட்க வேண்டியதுதான்.

அடுத்து செலவு செய்வதானால் புது ரெக்கார்டர் வாங்கமாட்டேன். ஒரே மாதிரியான இரண்டு சின்ன கண்டென்சர் மைக், இரண்டையும் 17 சென்டிமீட்டர் இடைவெளியில் 110 டிகிரி விரித்து வைக்க ஒரு பட்டை, நீளமான கேபிள். ரெக்கார்டர் கைக்கு எட்டும் இடத்தில் கீழே இருக்கும், மைக் மட்டும் மேலே போகும், மீட்டரைப் பார்க்க எக்கி நிற்கவும் வேண்டியதில்லை.