லத்தூரின் முதல் ஒயினா, இரண்டாவதா?

பிரான்சின் போர்தோவில், போயாக் பகுதியில் உள்ள ஷாத்தோ லத்தூர், போர்தோ ஒயின்களின் 1855 தரவரிசையில் முதல் வகுப்பைப் பெற்ற திராட்சைத் தோட்டம். அதன் இரண்டாவது சிவப்பு ஒயின் 'லே ஃபோர் த லத்தூர்', 1966 அறுவடையிலிருந்து வருகிறது. எதை வாங்குவது என்று பலரும் தடுமாறுகிறார்கள்.

திராட்சை: முதலாவதற்கு மாளிகையைச் சுற்றியுள்ள 'லாங்க்லோ' நிலத்தின் முதிர்ந்த கொடிகள். இரண்டாவதற்கு அங்குள்ள இளங்கொடிகளும் வெளி நிலங்களும். மிச்சம் மீதியைக் கலந்தது என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள்.

விலை: இரண்டாவது, பாதிக்கும் கீழே. ஆனாலும் மலிவில்லை.

காத்திருப்பு: முதலாவதற்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள், இரண்டாவது அதற்கு வெகு முன்பே இளகிவிடும்.

உணவு: இங்கேதான் என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. போயாக் ஆட்டுக்குட்டியின் விலா எலும்பைச் சுட்டு, ஓரக் கொழுப்பு மொறுமொறுப்பாக இருக்கும்போதே ஒரு மிடறு குடித்துப் பாருங்கள். ஈறுகளைப் பிடித்த துவர்ப்பு அந்தக் கொழுப்பில் கரைந்து, கருந்திராட்சை மணம் மேலெழும். வாத்துக்கும் காளானுக்கும் பொருந்தும். மீன் வேண்டாம், வாயில் இரும்பு ருசிக்கும்.

பிறந்த குழந்தையின் இருபத்தொன்றாம் வயதுக்கு எடுத்துவைக்க முதலாவது. இந்த ஆண்டு விருந்துக்கு, பத்தாண்டு கடந்த லே ஃபோர்; ஒரு மணி நேரம் முன்பே குடுவையில் ஊற்றிவையுங்கள்.