நூலக வரி கட்டுகிறோம். கிளை நூலகத்தில் என்ன கிடைக்கிறது?

தமிழ்நாட்டில் சொந்த வீடு உள்ள ஒவ்வொருவரும் பொது நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா வீதம் நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. அரையாண்டு சொத்து வரி 1,200 ரூபாய் என்றால் அதற்கு நூலக வரி 120 ரூபாய். வாடகைக்கு இருப்பவர்களும் வாடகை வழியாக அதில் பங்கு கொடுக்கிறார்கள். முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்ட சேவை என்பதால் கறாராகவே மதிப்பிடலாம். எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: கிளை நூலகத்தில் கட்டாயம் உறுப்பினராகுங்கள். ஆனால் அலமாரியில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்; கேட்டு வாங்க வேண்டியது நிறைய இருக்கிறது.

இந்தச் சேவையின் பெரிய பலம் சட்டம். 1948இல் அன்றைய சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம்தான் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் வலியுறுத்தியதன் பலன் அது. தொடக்கத்தில் ரூபாய்க்கு அரையணாவாக இருந்த வரி இன்று பத்துப் பைசா. உள்ளாட்சி வசூலிக்கும் அந்தப் பணம், மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது சட்டம். ஆட்சி மாறினாலும் நிதி வரும் வழி அடைபடாது. சென்னையில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகமும் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் போய்ப் பார்க்க வேண்டியவைதான். ஆனாலும் தினமும் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பது இந்த வரியில் ஓடும் கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமுமே.

சேர்வது எளிது. விண்ணப்பம் நூலகத்திலேயே கிடைக்கும். ஆதார் நகலையோ வேறு முகவரிச் சான்றையோ கொண்டுபோங்கள். எத்தனை நூல் எடுக்க வேண்டும் என்பதைப் பொறுத்துச் சிறு காப்புத்தொகையும் ஆண்டுச் சந்தாவும் கட்ட வேண்டும். காப்புத்தொகை திரும்பக் கிடைக்கும் பணம் என்பதால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நாளிதழ் படிப்பதற்கும் அங்கேயே உட்கார்ந்து நூல் பார்ப்பதற்கும் உறுப்பினராக வேண்டியதில்லை. பல கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்பது தெரியாமலே வேலைக்குப் போகிற பலர் நூலகப் பக்கம் வராமல் இருக்கிறார்கள்.

உங்கள் ஊர் நூலகம் எப்படி என்று அறிய ஒரு சோதனை. வெவ்வேறு அலமாரிகளிலிருந்து பத்து நூல்களை எடுத்து, உள்ளே ஒட்டியிருக்கும், நூல் வழங்கும்போதெல்லாம் முத்திரை குத்தும் தேதிச் சீட்டைப் பாருங்கள். போட்டித் தேர்வு நூல்களில் முத்திரைகள் நெருக்கி விழுந்திருக்கும். முதுகு ஒட்டு விட்டுப் பக்கங்கள் கழன்றிருக்கும். பசை வைத்து மட்டும் ஒட்டிய ஆயிரம் பக்க வழிகாட்டி இத்தனை கைகளைத் தாங்காது. வாங்கியவுடனே நூலிழையால் தைத்து பைண்டிங் செய்ய வேண்டும். பக்கம் போன பிறகு பைண்டிங் செய்து பயனில்லை. இன்னொரு அலமாரியில் ஒரு முத்திரைகூட விழாத சீட்டோடு நூல்கள் புதுமை குலையாமல் நிற்கும். பத்தில் ஐந்து அப்படி இருந்தால், நூல் தேர்வு உங்கள் ஊரைக் கேட்டு நடக்கவில்லை என்று அறியலாம்.

இதற்குக் காரணம் கொள்முதல் முறை. நூல்கள் பெரும்பாலும் சென்னையில் மொத்தமாகத் தேர்வாகி, மாவட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்படுகின்றன. கடலோரக் கிராமத்துக்கும் மலையடிவார ஊருக்கும் ஒரே கட்டு வந்து இறங்கும். பாரக் கணக்கில், அதாவது அச்சிட்ட பக்கங்களின் அளவை வைத்து, விலை தீர்மானித்த காலத்தில் நல்ல தாளில் கவனமாக அச்சிட்டவருக்குக் கட்டுப்படியாகவில்லை. பக்கத்தை நிரப்பியவருக்குக் கட்டுப்படியானது. பதிப்பாளர்கள் இணையத்தில் நூலைப் பதிவேற்றும் புதிய முறை வந்திருப்பது நல்ல மாற்றம். அது முழுப் பலன் தர வேண்டுமானால், கிளை நூலகர் தன் வாசகர்கள் கேட்பதை எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு வாசகர்கள் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நூல் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை நான்கையும் குறித்து, நூலகத்தின் வாசகர் குழுவான வாசகர் வட்டத்தின் பெயரில் மனுவாகக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்பது கோப்பில் ஏறாது.

ஊர்ப்புற நூலகத்தைக் குறை சொல்லுமுன் அங்கே இருப்பவரைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே ஆள்தான். கூட்டுவது, நாளிதழ் அடுக்குவது, நூல் வழங்குவது, பதிவேடு எழுதுவது எல்லாம் அவரே. பக்கத்து ஊர்ப் பணியிடம் காலியானால் அதையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்க நேரும். பூட்டிக் கிடக்கும் நூலகத்துக்குப் பின்னால் பல சமயம் இருப்பது நிரப்பப்படாத பணியிடமே.

கிராமத்தில் ‘நூலகம்’ என்று பெயர் எழுதிப் பூட்டிய சிறு கட்டடத்தைப் பார்த்தால் அது யாருடையது என்று முதலில் விசாரியுங்கள். 2006 முதல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டியவை ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருபவை. பொது நூலகத் துறைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மாவட்ட நூலக அலுவலரிடம் மனு கொடுத்தால் ‘எங்களுடையது அல்ல’ என்ற பதிலோடு மாதங்கள் போய்விடும். அந்த மனுவை ஊராட்சிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் கொடுங்கள்.

பள்ளி நூலகங்களுக்கு இவ்வளவு மதிப்பெண் தர முடியவில்லை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிக்கு வகுப்பு நிலைக்கு ஏற்ப ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை நூலக மானியம் உண்டு. அதற்குச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. 2024-25இல் மத்திய அரசு இத்திட்ட நிதியைத் தமிழ்நாட்டுக்கு விடுவிக்காமல் நிறுத்தியபோது அந்த வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரித்து வந்த சிறு நூல்கள் அருமையானவை; எழுத்துக்கூட்டும் பிள்ளையும் ஒரே மூச்சில் முடித்துவிடும் அளவு. அவை பிள்ளைகள் கைக்குப் போகாமல் பீரோவுக்குள் தங்குவதற்குக் காரணம் கணக்குத் தணிக்கை பற்றிய பயம். நூல் தொலைந்தால் பொறுப்பாசிரியர் கைக்காசு கட்ட வேண்டுமோ என்று அஞ்சுகிறார்.

அந்த அச்சத்தைப் போக்கும் விதி மத்திய அரசிடம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின் 215ஆம் விதி, ஓராண்டில் ஆயிரம் நூல் புழங்கினால் ஐந்து தொலைவதை இயல்பான இழப்பாக ஏற்கிறது. நூலகரின் நேர்மையின்மையோ கவனக்குறைவோ இல்லை என்பது நிபந்தனை. மாநிலப் பள்ளிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. இதே போன்ற ஆணையை மாநிலக் கல்வித் துறையும் எழுத்தில் கொடுத்தால் பாதிப் பீரோக்கள் அந்த மாதமே திறக்கும். அதுவரை ஒரு வழி உண்டு. நவம்பர் 14 முதல் 20 வரையான தேசிய நூலக வாரத்தில் கிளை நூலகங்கள் உறுப்பினர் சேர்க்கையில் முனைப்பாக இருக்கும். தலைமையாசிரியர் அக்டோபரிலேயே பேசி வைத்தால், மாணவர்களை மொத்தமாகச் சேர்த்துவிடலாம்.

வசூலித்த நூலக வரியை உள்ளாட்சிகள் ஆணைக்குழுவுக்கு உரிய காலத்தில் மாற்றாமல் நிலுவை வைப்பது இந்தச் சேவையின் பழைய நோய். நூல் வாங்குவதும் கட்டடம் பழுதுபார்ப்பதும் முதலில் நிற்பது அதனால்தான். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குச் செலுத்தியது எவ்வளவு, எந்தெந்தத் தேதிகளில், இன்றைய நிலுவை எவ்வளவு. ஆண்டுவாரியாகக் கேளுங்கள், பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலும் அப்படியே வரும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். அதன் நகலை வார்டு உறுப்பினருக்கும் மாவட்ட நூலக அலுவலருக்கும் சேர்த்தே கொடுங்கள்.