600 மி.மீ. பிரைமா, 200–600 ஜூமா?

பணம் தடையில்லை என்றான பின்பும், பறவைகளைப் படமெடுப்போர் பலர் சோனியின் இவ்விரு லென்ஸ்களுக்கு (குவியத்தூரம் மாறாத 600 மி.மீ. பிரைம், 200 முதல் 600 மி.மீ. வரை மாற்றக்கூடிய ஜூம்) இடையில் தயங்கி நிற்கிறார்கள்.

ஒளி: பிரைமின் துளை எஃப்/4, ஜூமுக்கோ 600 மி.மீ.யில் எஃப்/6.3 (எண் சிறிதானால் துளை பெரிது). பிரைம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடுவதால், நீரில் பாயும் மீன்கொத்தியை 1/3200 நொடியில் எடுக்க அதற்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்; கூடினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 3200 போதுமென்றால், அதே வெளிச்சத்தில் ஜூமுக்கு 8000 தேவைப்படும். அந்த வேறுபாடு இறகின் நுண்ணிழைகள் கரைந்து புள்ளிகளாகத் தெரிவதில் வெளிப்படும்.

1.4 டெலிகன்வெர்ட்டருடன் (லென்ஸின் குவியத்தூரத்தை 1.4 மடங்காக்கும் இணைப்பு): பிரைம் 840 மி.மீ., எஃப்/5.6, ஜூம் எஃப்/9, அதாவது நல்ல வெயிலுக்கு மட்டும்.

எடை: பிரைம் 3.04 கிலோ, ஜூம் சுமார் 2.1 கிலோ.

குவியும் குறைந்தபட்சத் தொலைவு: பிரைம் 4.5 மீட்டர், ஜூம் 2.4 மீட்டர்.

விலை: பிரைம் பல மடங்கு அதிகம்.

மறைவிடத்தில் முக்காலியுடன் அமர்ந்து விடியலிலும் அந்தியிலும் காத்திருப்பவருக்குப் பிரைமே தகும். நடந்துகொண்டே படமெடுப்பவரும், பறவை திடீரென அருகில் வந்தமரும் இடங்களுக்குச் செல்பவரும் ஜூமை வாங்கி, மிச்சப் பணத்தை வேகமான ஆட்டோஃபோகஸ் உள்ள கேமராவில் செலவிடுவதே, என் கணிப்பில், புத்திசாலித்தனம்.