பாரெல்லன்: பெரிய டென்னிஸ் ராக்கெட்டும் ஊர் கோர்ட்டும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கிரிஃபித் பக்கம் போகிறவர்கள் கிழக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாரெல்லனையும் ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள். கோதுமைக் காட்டுக்கு நடுவே சில நூறு பேர் வாழும் ஊர். பூங்காவில் 13.8 மீட்டர் நீளத்தில் ஒரு டென்னிஸ் ராக்கெட் நிற்கிறது. இந்த ஊரில் வளர்ந்து விம்பிள்டன் வென்ற ஈவான் கூலகாங் ஆடிய டன்லப் மர ராக்கெட்டின் நகல், 2009-இல் திறந்தது. பார்க்கக் கட்டணம் கிடையாது.

எல்லாரும் அதன் கீழ் நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். என் மனசு நின்றது ஊர் கோர்ட்டில்தான்.

ஆஸ்திரேலியாவில் புதிதாகக் குடியேறிய விவசாய ஊர்களில் ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் பல மைல் தூரம். வாரம் முழுக்க வேற்று முகம் பார்க்காதவர்கள் சனிக்கிழமை கோர்ட்டில்தான் கூடினார்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஆட முடிந்த விளையாட்டு அது. வீட்டுக்கு ஒரு தட்டு பலகாரம் வரும், தேநீர் கொதிக்கும், கல்யாணப் பேச்சும் நடக்கும். தரை போடக் காசு இல்லாத இடங்களில் கறையான் புற்றை இடித்து, நீர் தெளித்து, உருளை ஓட்டிக் கெட்டிப்படுத்தினார்கள். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் டென்னிஸ் மேதை ராட் லேவர் சிறுவயதில் ஆடியதும் அப்படிப்பட்ட புற்றுமண் தரையில்தான். நம் ஊர்த் திண்ணை செய்த வேலையை அங்கே கோர்ட் செய்தது.

ஆனால் அதற்கு வேலி உண்டு. உள்ளே யார் வரலாம் என்ற கணக்கும் உண்டு. கூலகாங் விராட்ஜூரி என்ற பழங்குடி இனத்துப் பெண், எட்டுப் பிள்ளைகளில் ஒருத்தி, அப்பா ஆட்டு ரோமம் கத்தரிப்பவர். இதே மாநிலத்தில் மோரீ ஊர் நீச்சல் குளத்தில் பழங்குடிப் பிள்ளைகளை இறங்கவிடாததை எதிர்த்து 1965-இல் மாணவர்கள் போராட வேண்டியிருந்தது. பாரெல்லனில், வேலி வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த சிறுமியை பில் கர்ட்ஸ்மன் என்ற ஊர்க்காரர் உள்ளே வந்து ஆடச் சொன்னார். பிறகு ஊரே காசு திரட்டி அவளை ஆட அனுப்பியது. 1971-இல் விம்பிள்டன் வென்றாள். தாயான பிறகு 1980-இல் மறுபடியும்.

அதனால் ராக்கெட்டோடு திரும்பிவிடாதீர்கள். டென்னிஸ் பழகும் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள், இந்தக் கதையையும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். கோடையில் வெயில் கொளுத்தும். காலையிலேயே போய்விடுவது நல்லது. சிட்னியிலிருந்து 6 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும் என்பதற்காக மட்டும் அரைப் புள்ளி குறைக்கிறேன்: 5-க்கு 4.5.