கொரில்லா மேல் ஒரு கொலைப்பழி

‘கொரில்லா அட் லார்ஜ்’ 1954-இல் வந்த அமெரிக்கப் படம். கதை முழுக்க ஒரு ஃபன்ஃபேரில், அதாவது ராட்டினமும் விளையாட்டுக் கடைகளும் உள்ள கேளிக்கைத் திடலில் நடக்கிறது. கழுத்து முறிந்து ஒருவன் செத்துக் கிடக்கிறான். அப்படி முறிக்கிற பலம் யாருக்கு உண்டு என்று யோசித்து, கூட்டம் மொத்தமும் கொரில்லாக் கூண்டைத் திரும்பிப் பார்க்கிறது. அங்கிருந்து போலீஸ், விசாரணை, இன்னொரு சாவு என்று சுமார் ஒன்றரை மணி நேரம் ஓடுகிறது. கொலைகாரன் யார் என்று நான் சொல்லப்போவதில்லை, பயப்படாமல் படிக்கலாம்.

எனக்கு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தையல் கடை. ரவிக்கை, பாவாடை போக, பள்ளி ஆண்டு விழா வந்தால் சிங்கம், கரடி, மயில் எல்லாம் என் மெஷினில்தான் பிறக்கும். அதனால் மிருக வேஷம் உள்ள எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் கதைக்குப் போகாது, கக்கத்துக்குப் போகும். கையைத் தூக்கும்போது அங்கே துணி இழுக்கிறதா, முட்டி மடங்கும்போது ரோமம் பிளந்து உள்துணி தெரிகிறதா, முதுகு ஜிப்பை எதை வைத்து மறைத்திருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பேன். ரோமத் துணி லேசுப்பட்டதில்லை. ஒரு தடவை கரடி வேஷம் போட்ட பையன் நாடகம் முடிவதற்குள் குளித்து எழுந்தவன் போல நனைந்துவிட்டான். அவன் அம்மா என்னை முறைத்த முறைப்பு இன்னும் நினைவிருக்கிறது.

இந்தப் படத்தின் கொரில்லாவுக்குள் இருப்பவர் ஜார்ஜ் பாரோஸ். கொரில்லா வேஷமே அவருக்குத் தொழில் மாதிரி. உடுப்பையும் அவரே செய்துகொண்டார். இதே உடம்புக்கு மேல் விண்வெளித் தொப்பி போன்ற ஒன்றை மாட்டிக்கொண்டு, முந்தின வருடம்தான் ‘ரோபோட் மான்ஸ்டர்’ படத்தில் வேற்றுக்கிரக ஆளாகவும் வந்திருந்தார். தோளும் மார்பும் அருமையான வேலை, எங்கே தைத்தார் என்று தேட வேண்டியிருக்கிறது. இடுப்புக்குக் கீழேதான் குட்டு வெளிப்படுகிறது. நடக்கும்போது தொடைப் பக்கம் கால்சட்டை மாதிரி மடிப்பு விழுகிறது. இன்றைக்குப் பார்க்கிறவர்கள் அங்கேதான் சிரிப்பார்கள்.

ஆனால் அந்த மடிப்புதான் படத்தின் முதலீடு என்று நான் சொல்வேன். ஏன் என்று கேளுங்கள். ஃபன்ஃபேரின் பெரிய காட்சி இதுதான்: லவர்ன் என்ற பெண் கூண்டுக்கு மேலே கயிற்றில் ஊஞ்சலாடுவாள், கீழே கோலியாத் என்ற கொரில்லா அவளை எட்டிப் பிடிக்கத் தாவும். கூட்டத்தை இன்னும் இழுக்க முதலாளி ஒரு யோசனை பண்ணுகிறார். மைக் பிடித்துக் கூவி ஆள் சேர்க்கிற ஜோயிக்குக் கொரில்லா உடுப்பு மாட்டிவிட்டு, நிஜக் கொரில்லாவே அவளைப் பிடித்துவிட்டது போலக் காட்டலாம் என்பது திட்டம். ஆக, கதைக்குள் ஒரு ‘நிஜ’ கொரில்லா, ஒரு வேஷக் கொரில்லா. நமக்கோ இரண்டுமே துணியும் ரோமமும்தான். இருட்டில் ஒரு மயிர்க்கை நீளும்போது அது கோலியாத்தா, ஜோயியா, உடுப்பைத் திருடிக்கொண்டு வந்த வேறு யாராவதா என்று கண்ணை வைத்துத் தீர்மானிக்க வழியே இல்லை. உண்மையான கொரில்லாவைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தால் வேஷம் எது, நிஜம் எது என்று கடைசி வரிசையில் இருக்கும் குழந்தைகூடச் சொல்லிவிடும். மர்மம் அங்கேயே படுத்திருக்கும். கையில் காசில்லாததால் இப்படி அமைந்ததா, யோசித்துச் செய்தார்களா, எனக்குக் கவலை இல்லை. வேலை செய்கிறது.

சனிக்கிழமை கடை சாத்தின பிறகு இந்த மாதிரிப் பழைய படங்களைப் பார்க்க எனக்குத் துணை சின்னம்மா. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியே காலம் போனவர். ரப்பர் மரமெல்லாம் போய்ச் செம்பனை (எண்ணெய்ப்பனை) வந்த பிறகு தோட்டத்தை விட்டு என்னோடு டவுனுக்கு வந்துவிட்டார். இங்கிலீஷ் வசனம் புரியாது, நான்தான் நடுநடுவே சொல்லிக்கொண்டு வருவேன். கொலை நடந்து போலீஸ் கூண்டுப் பக்கம் போனதுமே தீர்ப்பு வந்துவிட்டது: “வாயில்லாத ஜீவன் மேல பழியப் போட்டுட்டானுங்க. அது ஒண்ணும் செஞ்சிருக்காது பாப்பா.”

சின்னம்மாவைக் குறை சொல்ல முடியாது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத்துணி கட்டிக் காட்டிய படங்களில் வளர்ந்த கண் அது. சின்னப்பா தேவர் எடுத்த படத்தில் எந்த மிருகமாவது கொலை செய்திருக்கிறதா? ‘நல்ல நேரம்’ யானையும் ‘ஆட்டுக்கார அலமேலு’ ஆடும் மனுஷனைக் காப்பாற்ற வந்தவை. சின்னப்பா தேவர் கையில் இந்தக் கோலியாத் கிடைத்திருந்தால் இரண்டாவது ரீலிலேயே கொலைகாரனைத் தூக்கிக்கொண்டு போய்ப் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போட்டிருக்கும். வெள்ளைக்காரன் புத்தி வேறு. எட்கர் ஆலன் போ 1841-இலேயே நம் போர்னியோக் காட்டு ஓராங் ஊத்தானை ஒரு மாலுமி கையில் பிடித்துக் கொடுத்து, பாரிஸ் வரைக்கும் கொண்டுபோய்க் கொலைக்கதை எழுதிவிட்டார். மனிதக் குரங்கு என்றாலே சந்தேகப்படுகிற பழக்கம் அங்கே அவ்வளவு பழசு.

நம் ஊர் மட்டும் என்ன யோக்கியம்? எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில் வாழைப்பழச் சீப்பு காணாமல் போனால் மலைக் குரங்கு என்பார்கள், சரி. உண்டியல் பூட்டு கழன்று கிடந்ததற்கும் குரங்கு என்றார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

நடிகர்களைப் பார்த்தால்தான் ஆச்சரியம். இப்படி ஒரு படத்தில் இவர்களா என்று இருக்கிறது. லவர்னாக வருபவர் ஆன் பான்கிராஃப்ட். அப்போது சினிமாவுக்கு வந்து இரண்டு வருடம்தான். 1962-இல் வந்த ‘த மிராக்கிள் வொர்க்கர்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார், 1967-இல் ‘த கிராஜுவேட்’ படத்தின் மிஸ்ஸஸ் ராபின்சன் ஆனார். இங்கே அவருக்குக் கொடுத்த வசனம் சுமார்தான், ஆனால் கூண்டுக்கு மேல் ஊஞ்சலில் உட்கார்ந்து கூட்டத்தைப் பார்க்கும் பார்வையில் ஒரு திமிர் இருக்கிறது. உடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாலும் இடுப்பு ஒரு விரல்கூட ஏறவில்லை. பரத உடுப்பு தைப்பவர்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

துப்பறியும் சார்ஜண்ட் லீ ஜே. காப். அதே 1954-இல் ‘ஆன் த வாட்டர்ஃபிரண்ட்’ படத்தில் மார்லன் பிராண்டோவையே மிரட்டிய மனிதர். இங்கே வருகிற போகிறவர்களை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு அலைகிறார். பிற்பாடு பெரிய நடிகரான லீ மார்வின் ஓர் அசட்டுப் போலீஸ்காரராகச் சிரிப்புக்கு வருகிறார். முதலாளியாக ரேமண்ட் பர். அவரைப் பார்த்ததுமே சின்னம்மா, “அந்தத் தடியன் மூஞ்சியே சரியில்ல லா” என்றார். அதே வருடம் ‘ரியர் விண்டோ’வில் ஹிட்ச்காக் எதிர்வீட்டுச் சந்தேக ஆளாக உட்கார வைத்ததும் இதே மூஞ்சியைத்தான். சின்னம்மா சொன்னது சரியா என்பதைப் படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜோயியாக வரும் காமரன் மிச்சல் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சட்டம் படிக்கிற நல்ல பையன், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், இது முப்பரிமாணப் படம். 1952 கடைசியில் ‘ப்வானா டெவில்’ வந்து கல்லா நிரம்பியதும் ஹாலிவுட்டே கண்ணாடி மாட்டிக்கொண்டு அலைந்த காலம். ஃபாக்ஸ் கம்பெனி சினிமாஸ்கோப் என்ற அகலத்திரையைத்தான் நம்பியது, இருந்தாலும் அந்த அலையில் வெளியிட்ட இரண்டு முப்பரிமாணப் படங்களில் இது ஒன்று. நம் பக்கம் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ வர 1984 ஆயிற்று. அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தையெல்லாம் பழகியிருக்கும். ஊஞ்சல் நம் மூக்குக்கு நேரே வரும், கம்பிக்கு வெளியே கை நீளும். வீட்டு டிவியில் சாதாரணமாகப் பார்க்கும்போது இவையெல்லாம் காரணமில்லாமல் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. கோலாலம்பூரிலிருந்து மகன் வாங்கி வந்த டிஸ்க்கில் எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

கண்ணை நிறைப்பது இடம்தான். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் ‘நூ-பைக்’ என்று கடலோர ஃபன்ஃபேர் இருந்தது, அங்கேயே போய் எடுத்திருக்கிறார்கள். படத்தின் கடைசியில் கொரில்லா ஏறுகிற ரோலர் கோஸ்டர் 1930-இல் கட்டிய ‘சைக்ளோன் ரேசர்’, முழுக்க மரம். 1968-இல் இடித்துவிட்டார்கள், இனி இப்படிப் படத்தில் பார்த்தால்தான் உண்டு. கலர் பல்புகள், கூவும் ஒலிபெருக்கி, பொம்மை ஜெயிக்கிற கடைகள் எல்லாம் டெக்னிக்கலரில் மினுங்குகின்றன. நம் ஊர்த் திடலுக்கு வரும் ஃபன்ஃபேரில் ராட்டினத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் புகையும், சகதியும், தூங்கி வழியும் வேலையாட்களும் இருப்பார்கள். அந்தப் பின்பக்கத்தைக் கொஞ்சம் காட்டியிருக்கலாம் என்று தோன்றியது. எல்லாம் ரொம்பச் சுத்தமாக இருக்கிறது.

கோலியாத்தை உறுமவும் தாவவும் மட்டும் வைத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. கொரில்லா பெரும்பாலும் இலை தழை தின்று அமைதியாக இருக்கிற மிருகம். எந்நேரமும் கோபமாகவே இருந்தால் சந்தேகமும் சீக்கிரம் சலித்துவிடுகிறது. அது சும்மா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கு இன்னும் பயமாக இருந்திருக்கும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம், ரத்தம் தெறிப்பதெல்லாம் இல்லை. துப்பறியும் கதையை வரி வரியாகச் சரிபார்க்கிறவர்களுக்கு ஆகாது, ஓட்டைகள் உண்டு. என் மதிப்பெண் பத்துக்கு ஆறரை, அதில் இரண்டு தையல்காரருக்கு. நடுவில் விசாரணை இழுக்கும்போது எழுந்து போய் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) கலக்கிக்கொண்டு வரலாம். கதை கண்ணாடி மாளிகைக்குள் நுழைவதற்குள் மட்டும் திரும்பி வந்துவிடுங்கள்.