ஒரு பக்கம் சாய்ந்த வீடு: மோட்டார்ஹோமின் காற்றுக் கசிவைத் தேடிய கதை

தோசைக்கல்லில் விட்ட எண்ணெய் ஓரமாக ஓடிப்போய் நின்றது. சந்தேகம் வந்தது அப்போதுதான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஒயிட் சாண்ட்ஸ் என்னும் வெண்மணல் மேடுகளைப் பார்க்கப் போகும் வழியில், அடுப்பும் படுக்கையும் உள்ள எங்கள் மோட்டார்ஹோமில் ஓர் இரவு தங்கியிருந்தோம். காலையில் கிளம்பிவிடப் போகிறோமே என்று வண்டியைச் சமமாக நிறுத்தும் ஜாக் எதையும் இறக்காமல், காற்றுப்பைகளின் மேலேயே வண்டியை விட்டிருந்தேன். "என்னங்க, வீடே சாயுது" என்றாள் மனைவி. இறங்கிப் பார்த்தால் பின்பக்க இடது சக்கரம் பாதி மறைந்திருந்தது.

எங்களுடையது 2005 மாடல் டீசல் புஷர், 38 அடி நீளம், இன்ஜின் பின்னால். 2019இல் டெக்சாஸில் இரண்டாம் கையாக வாங்கினோம். முன்னால் 2, பின்னால் 4 என்று மொத்தம் 6 காற்றுப்பைகள் அதைத் தாங்குகின்றன. நம் ஊர் ஆம்னி பஸ்களில் ஏர் சஸ்பென்ஷன் என்று எழுதியிருப்பார்களே, அதே சங்கதிதான்.

ஊர் திரும்பியதும் ஒரு பணிமனையில் காட்டினேன். சோப்புத் தண்ணீர்கூட அடித்துப் பார்க்காமல், "பை எல்லாம் பழசு, ஆறையும் மாற்றிவிடலாம்" என்றார்கள். கூலியோடு ஆயிரக்கணக்கில் டாலர். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நான் வளர்ந்த தெருவில் சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவர்கூட டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்க்காமல் விலை சொல்ல மாட்டார்.

முதலில் செய்த உருப்படியான காரியம், ஒரு நோட்டும் டேப்பும் எடுத்ததுதான். இரவு இன்ஜினை அணைக்கும்போது டேஷ்போர்டில் காற்று டேங்குகளின் அழுத்தம் காட்டும் இரண்டு முள்ளும் எங்கே நிற்கின்றன, நான்கு சக்கர வளைவுகளும் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று எழுதுவேன். காலையில் மறுபடியும் எழுதுவேன். ஒரு வாரம் இப்படி ஓடியது.

இது ஏன் முக்கியம் என்றால், பைக்குள் காற்றை விடுவது ரைடு ஹைட் வால்வு. உயர வால்வு என்று வைத்துக்கொள்வோம். சக்கர அச்சோடு ஒரு சின்னக் கம்பியால் இணைந்திருக்கும். வண்டி தாழ்ந்தால் டேங்கிலிருந்து காற்றை உள்ளே விடும், உயர்ந்தால் வெளியே விடும். இன்ஜின் அணைந்திருந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஆகவே பையில் கசிவு இருந்தால் வண்டி உடனே சாயாது. முதலில் டேங்கில் இருக்கும் காற்று கரையும். எங்கள் வண்டியில் அழுத்தம் 70 பிஎஸ்ஐ (டயருக்குக் காற்றடிக்கும் அதே அளவு) பக்கம் வந்ததும் பாதுகாப்பு வால்வு மூடிக்கொண்டு, மிச்சக் காற்றை, அதே காற்றில் இயங்கும் பிரேக்குக்கு ஒதுக்கிவிடும். அதன் பிறகுதான் சாய்வு தெரியும். முள் 70இல் நின்று வண்டி மட்டும் தாழ்ந்தால் கோளாறு சஸ்பென்ஷன் பக்கம். முள் 70ஐத் தாண்டியும் இறங்கினால் டேங்க் அல்லது பிரேக் பக்கம். எங்களுக்கு இரண்டும் சேர்ந்தே நடந்தது. முள் காலையில் 20இல் கிடந்தது, இடது பின்பக்கமும் தாழ்ந்திருந்தது. ஆக, தேட வேண்டியது ஒரு கசிவை அல்ல.

குளிரும் ஏமாற்றும். மாலை 27 டிகிரி செல்சியஸில் 120 காட்டும் டேங்க், விடியலில் 7 டிகிரிக்கு வந்தால் ஒரு சொட்டுக் காற்றுகூடப் போகாமலே 111 காட்டும். இது தெரியாமல் இல்லாத கசிவை ஒரு மாதம் தேடினேன்.

அப்புறம், வண்டிக்கு அடியில் போவதற்கு முன் ஒரு விஷயம். காற்றின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. ஒரு குழாய் கழன்றால் டன் கணக்கான எடை நொடியில் இறங்கிவிடும். ஹைட்ராலிக் ஜாக்கையும் நம்ப வேண்டாம். எடைக்கு ஏற்ற இரும்பு ஸ்டாண்டுகளைச் சட்டத்துக்கு அடியில் வைத்துவிட்டுத்தான் நான் உள்ளே நுழைவேன். உயர வால்வின் கம்பியை விளையாட்டுக்குக்கூட அசைக்காதீர்கள்.

தேட ஆரம்பித்தேன். கம்ப்ரசர் முழுதும் ஏற்றி, காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் 'புஸ்' என்று காற்றை விட்ட பிறகுதான் சோப்புத் தண்ணீர். அழுத்தம் குறைவாக இருந்தால் சின்னக் கசிவு ஒளிந்துகொள்ளும். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து, ஸ்ப்ரேயைவிட பெயின்ட் பிரஷ்ஷால் தடவுவது மேல். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் மட்டும் வேண்டாம், பித்தளை இணைப்புகளில் விரிசல் விழ வைக்கும். பெரிய கசிவு உடனே குமிழி ஊதும். சின்னது இரண்டு மூன்று நிமிடம் கழித்து ரவை மாதிரிப் பொடிநுரையாகப் பூக்கும். அவசரப்பட்டு அடுத்த இணைப்புக்குப் போனால் அது கண்ணில் படாது. நான் இரண்டு முறை அப்படித்தான் கோட்டை விட்டேன்.

கிடைத்தவை: டேங்க் அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வில் சிக்கிய ஒரு துகள். கழற்றித் துடைத்ததும் 20க்கு இறங்கும் வியாதி போனது. இடது பின்பக்கம் நைலான் குழாய் சட்டத்தில் உரசி, இணைப்புக்கு அருகில் தேய்ந்திருந்தது. ஒரு அங்குலம் நேராக வெட்டி, காற்றுப் பிரேக்குக்கான தரத்தில் புது இணைப்பு போட்டேன். கத்தியால் வெட்டினால் வாய் கோணலாகிவிடும், குழாய் வெட்டும் கட்டர் வாங்குங்கள். மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றவில்லை, பேஸ்ட்தான். டேப்பின் துணுக்கு வால்வுக்குள் போனால் அடுத்த கசிவை நாமே செய்த மாதிரி. அதே பக்கத்து உயர வால்வு, வண்டி சமநிலையில் இருக்கும்போதும் வெளியேற்றும் வாயில் நுரைத்தது. புதிது போட்டு, சஸ்பென்ஷன் கையேடு சொல்லும் உயரத்துக்கு ஏற்பக் கம்பியைச் சரிசெய்தேன்.

பைகளில்? ஒரு குமிழிகூட இல்லை.

நான்காவது கசிவைப் பிடித்தது மனைவி. படுத்திருந்தபோது 'ஸ்ஸ்' என்று சத்தம். பாம்போ என்று டார்ச் அடித்தால், ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே. அந்த இருக்கையும் காற்றில் மிதப்பது, அதற்கும் அதே டேங்க்தான். அடியில் படுத்துப் புழுதி தின்ற எனக்கு அது தோன்றவே இல்லை.

வாங்கியதில் வீண் என்று சொன்னால், கசிவின் ஒலியைக் கேட்டுச் சொல்லும் மலிவு அல்ட்ராசோனிக் கருவி. காற்று வீசினாலே கத்தும். தோட்டத்து ஹோஸ் துண்டு ஒன்றைக் காதில் வைத்து நகர்த்தியது அதைவிட நன்றாக வேலை செய்தது. செல்போனை எட்டாத இடத்தில் நீட்டி வீடியோ எடுத்ததும் உதவியது. மலிவு விலை இணைப்புகள் முதல் குளிரிலேயே நுரைத்தன, மறுபடி வாங்கினேன்.

இன்னொன்று. அமெரிக்க வர்த்தக ஓட்டுநர் தேர்வில், இன்ஜினை அணைத்து பிரேக்கை விடுவித்த, பின்னால் டிரெய்லர் இல்லாத தனி வண்டியில் ஒரு நிமிடத்துக்கு 2 பிஎஸ்ஐ வரை இறங்கலாம், மிதித்துப் பிடித்தால் 3. பயணத்துக்கு முன் அதை நான் தவறாமல் பார்க்கிறேன். ஆனால் நிமிடத்துக்கு 2 என்றால் ஒரு மணி நேரத்தில் 120. அந்தச் சோதனையில் தேறிய வண்டி விடியும்வரை காற்றைப் பிடித்து வைக்கும் என்று எண்ண வேண்டாம்.

பணிமனைக்காரர்கள் முழுக்கத் தப்பும் சொல்லவில்லை. 2024இல் முன்பைகள் இரண்டிலும், மடிப்பில் உள்ளிருக்கும் நூல் தெரியும் அளவுக்கு வெடிப்பு. கசியாவிட்டாலும் அதோடு ஓட்டுவதற்கில்லை, மாற்றிவிட்டேன். பின்பக்கத்து நான்கும் பழையவைதான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.

போன சனிக்கிழமை இரவு 120, ஞாயிறு காலை 106. குளிரின் கணக்கைக் கழித்தாலும் நாலைந்து பிஎஸ்ஐ எங்கோ போகிறது. வண்டி சாயவில்லை, எண்ணெயும் கல்லின் நடுவிலேயே நின்றது. அடுத்து பார்க்க வேண்டியது ஹாரனுக்குப் போகும் குழாய்.