மூடிய ஸ்டுடியோ ஹெட்போன்: வரவிருக்கும் வரிசையிடம் எதிர்பார்ப்பது

ஒலி கசியாதபடி வெளிப்புறம் அடைக்கப்பட்ட மூடிய வகை ஸ்டுடியோ ஹெட்போன்களில் புதிய வரிசை ஒன்று வரப்போகிறது என்றாலே, 1985இல் அறிமுகமான பேயர்டைனமிக் டிடி 770 குடும்பத்தையும் 1991இல் வந்த சோனி எம்டிஆர்-7506ஐயும் அது எந்த இடத்தில் மிஞ்சப்போகிறது என்பதுதான் என் முதல் கேள்வி. பாடகரின் காதில் ஒலிக்கும் கிளிக் டிராக் (தாளம் காட்டும் ‘டிக் டிக்’ ஒலி) மைக்கில் கசியாமல் தடுப்பதில் இவற்றைக் குறை சொல்ல முடியாது. ஆனால் டிடி 770 புரோ, 7506 இரண்டிலும் வயர் கழற்ற முடியாதபடி பொருத்தப்பட்டிருப்பதால், செருகும் முனைக்கு அருகே ஓர் இழை அறுந்தாலும் சால்டரிங் செய்துதான் சரிப்படுத்த வேண்டும். ஆடியோ-டெக்னிகா 2014இலேயே எம்50எக்ஸ் ஹெட்போனில் கழற்றி மாட்டும் வயரைக் கொடுத்துவிட்ட பிறகு, அது இல்லாத புதிய வரிசையை நான் ஏற்கமாட்டேன்.

நான் மிகவும் ஆவலோடு காத்திருப்பது காது மெத்தைக்காக. மூடிய ஹெட்போனின் பாஸ் (தாழ்ந்த ஒலி), மெத்தை தலையோடு எவ்வளவு இடைவெளியின்றிப் படிகிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது. மூக்குக் கண்ணாடியின் காம்பு மெத்தைக்கடியில் நுழைந்து மெல்லிய சந்து விட்டாலே கீழ்ஸ்தாயி ஒலிகள் மெலிந்துவிடும்; அதை நம்பி மிக்ஸிங் (பதிவான ஒலிகளை அளவு பார்த்துக் கலப்பது) செய்பவர் பாஸைத் தேவைக்கு மேல் ஏற்றிவிடுவார். ஆகவே காம்பைச் சுற்றி அமுங்கிக்கொடுக்கும் மென்மையும், தேய்ந்ததும் கையாலேயே மாற்றும் வசதியும் எனக்கு ஒலிக்கு இணையான தகுதிகள்.

மின்மறுப்பை, அதாவது ஹெட்போன் மின்னோட்டத்தை எதிர்க்கும் அளவைப் பொறுத்தவரை, 2021இல் வந்த டிடி 700 புரோ எக்ஸின் 48 ஓம் சரியான வழி. டிடி 770 புரோவின் 250 ஓம் மாடலைச் சாதாரண லேப்டாப்பில் நேரடியாகச் செருகினால் பெரும்பாலும் போதிய சத்தம் கிடைப்பதில்லை.